ஐந்து மணித் தளபதி

திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில், மாலை ஐந்து மணிக்கு, என் மச்சான் ஹொரேஸ் என்னைக் கொல்வான். ஒலிபெருக்கியில் பீரங்கிச் சத்தம் வரும், ஒரு பெட்டியிலிருந்து புகை கிளம்பும், நான் ஈட்டியைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைச் சுவரோரம் விழுவேன். அதற்கப்புறம் கால் மணி நேரம் பிணம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். ஐம்பத்து நாலு வயதில் மலாக்காவில் இதைவிட சுகமான வேலையை எனக்கு யார் கொடுப்பார்கள் என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டதுண்டு.

நான் சுல்தானின் படைவீரன், ஹொரேஸ் போர்ச்சுகீசியத் தளபதி. அவனுக்கு அந்த வேடம் கிடைத்தது நடிப்பால் அல்ல, குடும்பப் பெயரால். தெ மெல்லோ. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் இப்படி ஒரு பெயர் இருக்கிறது, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியவர்கள் விட்டுவிட்டுப் போனது. பெயர்தான் அந்தக் கரையிலிருந்து வந்தது. ஆள் என்னைவிடக் கறுப்பு. மிளகாய்ச் சம்பால் இல்லாமல் சோறு இறங்காது. மீசை முளைக்கும் முன்பே கடற்கரைச் சேற்றில் தள்ளுவலை பிடித்துக் கூனி இறால் வாரியவன். அந்தக் கூனியில் உப்பும் சோறும் சேர்த்து ஊறவைத்துப் புட்டிகளில் அடைத்தவள் அவன் தங்கை ரெஜினா. புட்டிகளை ஏற்றிப் போக வண்டியோடு வந்த ரப்பர் தோட்டத்துத் தமிழன் நான், சவரிமுத்து. ஏற்ற வந்தவன் இங்கேயே இறங்கிவிட்டேன். இருபத்தேழு வருடமாகிறது.

கோட்டையைப் போர்ச்சுகீசியர் கட்டினார்கள், டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எங்கள் காலத்தில் ஒரு மூலையின் அடித்தளம் மண்ணுக்குள் கிடைத்தது, அதன்மேல் புதிதாக எழுப்பினார்கள். சுவர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பீரங்கிகள்கூட வைத்திருக்கிறார்கள். அவை கடலைப் பார்த்து நிற்க வேண்டியவை, ஆனால் கடல் அங்கே இல்லை. மண் கொட்டிக் கொட்டி அதை எங்கோ தள்ளிவிட்டார்கள். பீரங்கிகள் இப்போது காவல் காப்பது கார் நிறுத்தும் இடத்தையும் அதற்கப்பால் ஒரு பேரங்காடியையும்தான். முதல் நாள் வேடம் போட்டு மேலே ஏறியதும் ஹொரேஸ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"மொத குண்டு அந்தச் சப்பாத்துக் கடைக்கு. போன வருசம் வாங்குன சப்பாத்து ரெண்டே மாசத்துல வாயப் பொளந்துடுச்சி."

நாடகத்தை நடத்துகிற பௌசி சின்ன வயது, நல்ல பையன், கோலாலம்பூரில் படித்தவன். சுல்தான் பக்கத்துக்கு அழகான மலாயில் வசனம் எழுதியிருந்தான். தளபதிக்கு மட்டும் எழுதவில்லை. "அங்கிள், நீங்க ஒங்க பாஷையிலயே ஏதாவது கோவமா பேசுங்க. யாருக்கும் புரியப் போறதில்ல, சத்தமா இருந்தா போதும்" என்றான். அதனால் ஹொரேஸ் தினமும் பீப்பாய் மேல் ஏறி, வாளை உயர்த்தி, பழைய போர்ச்சுகீஸும் மலாயும் கலந்த எங்கள் குடியிருப்பின் கிரிஸ்தாங் பேச்சில் கர்ஜிப்பான். கூனி இந்த வாரம் ஏன் படவில்லை, பக்கத்து வீட்டு ரோசில் அக்காவின் கறியில் புளி ஏன் பத்தவில்லை, பாதிரியார் பிரசங்கத்தை ஏன் சீக்கிரம் முடிப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் நடுங்கிப்போய்ப் பார்க்கும். பிறகு ஊளையிடும். பின்னால் நடனமாட நிற்கும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் விசிறியால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவார்கள். பிணமாகக் கிடக்கும் எனக்குத்தான் பாடு. சிரித்தால் வயிறு ஆடும்.

அந்தச் சிரிப்பெல்லாம் லாரிகள் வரும்வரைதான்.

குடியிருப்புக்கு முன்னால் மிச்சமிருந்த கரையையும் மூடப் போகிறார்கள் என்று இரண்டு வருடமாகப் பேச்சு இருந்தது. பேச்சுதானே என்று இருந்துவிட்டோம். பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் வடக்குப் பக்கம் செம்மண் லாரிகள் வரிசையாக நின்றன. அன்றைக்கு ரெஜினா சாப்பிடவில்லை. காரணம் எனக்குத் தெரியும். கூனி போனால் வேறு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்தச் சேற்றில் ஆலிஸ் இருக்கிறாள்.

ஆலிஸ், ஹொரேஸுக்கும் ரெஜினாவுக்கும் மூத்தவள். பதினோரு வயதில் அப்பாவோடு வலை தள்ளப் போனவள் ஒரு குழியில் கால் தவறி முங்கினாள். கடல் அவளைத் திருப்பித் தரவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போகும். தெ மெல்லோ வீட்டார் மட்டும் நீர் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்குவார்கள். முழங்கால் புதையப் புதைய நடந்துபோய், அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் உச்சியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நீர் திரும்புமுன் வந்துவிடுவார்கள். அடையாளம் ஒன்றும் கிடையாது. ஹொரேஸ்தான் முன்னால் போவான். கரையிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவான், கடைசிப் பெயரில் நிற்பான். கல்யாணமான வருடத்திலிருந்து நானும் அவன் பின்னால் போயிருக்கிறேன். எனக்கு அது வெறும் சேறு. அவனுக்கு அதில் தெருக்கள் இருந்தன.

மனு போட்டோம். பதில் இல்லை. மறுபடி போட்டோம், கிடைத்தது என்று பதில் வந்தது. ஜூன் கடைசியில் கோட்டை நாடகத்தின் ஆண்டு விழா, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், கரைத் திட்டம் அவர் கையில்தான் இருக்கிறது என்று பௌசி சொன்னான். அன்று சாயங்காலமே மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். டத்தோவுக்கு முன்னால் மைக்கோடு நிற்கப் போகிறவன் எங்களில் ஒருவன்தான் என்று ஊர்த் தலைவர் சொன்னதும் எல்லாத் தலையும் ஹொரேஸ் பக்கம் திரும்பியது.

முக்கியமாக எதையும் சொல்வதற்கு முன் ஹொரேஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீருக்குள் முங்கப் போகிறவன்போல மூக்கால் ஒரு நீண்ட மூச்சு இழுப்பான். அன்றும் இழுத்தான்.

"நான் தெனமும் அஞ்சு மணிக்கு இந்த ஊரப் புடிக்கிறேன். ஒரு பிடி மண்ணு என் பேருல இல்ல. சரி, சொல்றேன். மலாயிலயே சொல்றேன், எல்லாருக்கும் புரியிற மாதிரி."

ரெஜினா ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். டத்தோ, மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எங்கள் கரைக்கு வாருங்கள், நீர் வற்றும்போது வாருங்கள், நடந்து காட்டுகிறோம். அவ்வளவுதான். தளபதியின் இறகு வைத்த தொப்பிக்குள் அதைச் செருகி வைத்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விழா அன்று வேடம் போடும் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவன் இடுப்புவாரைக் கட்டிவிட்டுக்கொண்டே, "யோசிச்சிக்க மச்சான். வேல போச்சின்னா ஒனக்கு மட்டும் போகாது" என்றேன். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

டத்தோ முன்வரிசையில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பீரங்கி வெடித்தது, நான் செத்தேன், இமையை மட்டும் லேசாகத் திறந்தபடி. ஹொரேஸ் பீப்பாயில் ஏறினான். தொப்பியைக் கழற்றினான், தாளை எடுத்தான், பார்த்தான். பிறகு அதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வாளை உயர்த்தினான். வாயிலிருந்து வந்தது கிரிஸ்தாங்தான்.

பயமா, பழக்கமா, நான் இடுப்புவார் கட்டும்போது சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு ரோசில் அக்காவின் கறி இல்லை. அவன் பீப்பாய் மேல் நின்றபடியே கரையிலிருந்து நடக்க ஆரம்பித்தான்.

"கறுப்புக் கல்லு. மூணு தென்ன. பேத்ரு வலைய விட்ட எடம். கெழவிச் சேறு. தட்டைப் பாறை. நண்டுக் குழி." ஒவ்வொரு பெயருக்கும் வாள் கொஞ்சம் முன்னால் போனது. "இதெல்லாம் யாரு கட்டுனது. யாரும் கட்டல. இத ஒடைச்சா திருப்பிக் கட்ட ஒங்களால முடியுமா." வாளைத் தாழ்த்தினான். "ஆலிஸ் முங்குன எடம்."

நான் கண்ணை முழுக்கத் திறந்துவிட்டேன். பிணம் கண் திறந்ததை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் பெண்கள் விசிறியைத் தாழ்த்திவிட்டு நின்றார்கள். அவர்களோடு நின்ற ரோசில் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. டத்தோவும் எழுந்தார். பள்ளிப் பிள்ளைகள்கூட அன்று ஊளையிடவில்லை.

கைதட்டல் ஓயுமுன்பே அவர் மேடைக்கு வந்துவிட்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். செத்துக் கிடந்த என்னையும் கைகொடுத்து எழுப்பி நிறுத்தினார். ஹொரேஸின் தோளில் கை வைத்து, "ரொம்ப உணர்ச்சியா பேசுனீங்க. என்ன அர்த்தம் அதுக்கு?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். மனு போட்டு மனு போட்டு யாரும் கேட்காததை அவராகவே வந்து கேட்டுவிட்டார். ஹொரேஸ் மூக்கால் அந்த நீண்ட மூச்சை இழுத்தான்.

"பழைய போர்ச்சுகீஸ் வசனம், டத்தோ" என்றேன் நான். "கோட்டை கட்டச் சொல்ற உத்தரவு."

அவர் தலையாட்டினார், சிரித்தார், அடுத்த கையைக் குலுக்கப் போனார். எல்லாம் ஒரு தும்மல் நேரம்தான். ஹொரேஸ் இழுத்த மூச்சை விட்டான். என்னைத் திட்டியிருக்கலாம், வாளின் கைப்பிடியால் ஒன்று வைத்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் தொப்பியைப் பௌசியிடம் கொடுத்துவிட்டு தளபதியின் காலுறையோடும் சட்டையோடும் பேருந்து ஏறிப் போய்விட்டான். அப்புறம் கோட்டைப் பக்கம் வரவே இல்லை.

வீட்டில் ரெஜினா கேட்டாள். அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "பேர் எல்லாம் சொன்னானாமே, ரோசில் அக்கா அழுதுட்டே சொன்னா. ஏன் முத்து, மலாயில சொல்லல? அந்த ஆளு கிட்ட வந்தாராமே, ஒண்ணும் கேக்கலியா?"

"கையக் குலுக்குனாரு" என்றேன்.

அண்ணனிடமும் போய்க் கேட்டாள். அவன் தனக்கு நாக்கு எழவில்லை என்று சொல்லியிருக்கிறான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை அவன் எனக்குச் செய்த உபகாரம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. ரெஜினா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் இந்தப் பக்கம், இவள் அந்தப் பக்கம். நடுவில் நான் நற்கருணை வாங்கப் போகாமல் உட்கார்ந்திருப்பேன். வயிறு சரியில்லை என்பேன்.

பௌசி விழாவை முழுக்கப் பதிவு செய்திருந்தான். "அங்கிள் வராட்டி என்ன, அவர் குரல் இருக்கு" என்றான். ஒரு கல்லூரிப் பையன் தளபதியானான். பீப்பாய் மேல் நின்று வாயை அசைப்பான், ஒலிபெருக்கியில் ஹொரேஸ் பேசுவான். தினமும், திங்கள் தவிர. கறுப்புக் கல்லு, மூணு தென்ன. ஆகஸ்டில் கறுப்புக் கல் மண்ணுக்குள் போனது. செப்டம்பரில் பேத்ரு வலையை விட்ட இடம். நான் செத்துக் கிடந்தபடி ஒவ்வொரு பெயராகக் கழித்துக்கொண்டு வந்தேன். அக்டோபர் பாதியில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லை.

பெயர்கள் முடிந்ததும் பதிவில் கைதட்டல் வரும். கைதட்டல் அடங்குகிற இடத்தில் அந்த மூச்சு இருக்கிறது. கழுத்துப் பட்டியில் செருகியிருந்த மைக் அதைப் பிடித்துவிட்டது. டத்தோவின் கேள்வி இரைச்சலில் கேட்காது. மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும், நீளமாக உள்ளே போகும். அதோடு பௌசி வெட்டிவிட்டான். "அந்த மூச்சு நல்லா இருக்குல்ல, சண்டைக்குக் கெளம்புற மாதிரி" என்றான். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும்போது என் முதுகு வேர்த்துவிடும். வெட்டு கொஞ்சம் தள்ளிப் போனால் அடுத்து வருவது என் குரல்.

கல்லறைத் திருநாள் அன்று ஹொரேஸ் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் வலையைக் கட்டிக்கொண்டு தூரத்துக் கரை ஒன்றுக்குப் போய்விட்டான். ரெஜினா மத்தியானம்வரை வீட்டு வாசலில் நின்று, லாரிகள் ஓடுகிற செம்மண் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பினேன்.

ஐந்து மணிக்கு விழுந்த பிறகுதான் பார்த்தேன், பிள்ளைகளுக்கு நடுவில், கயிற்றுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு உடை. கையில் பை. கண்ணை மூடிக்கொண்டேன். ஒலிபெருக்கியில் ஹொரேஸ் கரையிலிருந்து நடக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு பெயருக்கும் அவளுடைய உதடுகளும் அசைந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆலிஸின் பெயர் வந்தது. கைதட்டல் வந்தது. மூச்சு வந்தது, நின்றது.

கயிற்றைத் தாண்டி யாரோ வருகிற காலடி கேட்டது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள். என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். தீக்குச்சி உரசும் சத்தம். மெழுகு உருகும் வாடை.

"முத்து" என்றாள் மெதுவாக. "அவன் மூச்ச இழுத்துட்டான்னா பேசாம இருக்க மாட்டான். எனக்குத் தெரியாதா. இதுக்கப்புறம் என்ன நடந்துச்சி?"

பிணம் பேசக் கூடாது. கண்ணைத் திறக்கவும் கூடாது. லாரி ஒன்று போனது, அதன் அதிர்வு கல் வழியாக என் கன்னத்தில் ஏறியது. மெழுகின் சூடு காதருகில் இருந்தது. அவள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.