வெறும் மாத்திரைக்காரர்கள்

செத்துப்போன தையல்காரர், அடக்கம் முடிந்த அடுத்த வியாழக்கிழமை காலை, வழக்கம்போல எடை பார்க்க வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஜன்னலோரமாகத் தாம் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த லாரி டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் எழுந்தால் மறுபடி வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும் என்பதால் அவர் எழவில்லை. தையல்காரரின் முறை வந்தது. எடை போன வாரத்தைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் உள்ளே துடிப்பு இல்லை, இருமல் மட்டும் இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்க இன்னும் போதும்னு சொல்லலியே டாக்டர்" என்றார் தையல்காரர். அது உண்மைதான். டாக்டர் அவரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர். உள்ளிருமல் என்று தெருவே பயந்த நோய்க்கு ஒரு காட்டுச் செடியின் வேர் கேட்கும் என்று அவர் சொன்னபோது, வேருக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். வேலையை உதறிவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சும் எடை மெஷினும் போட்டுத் தானே ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதில் ஒருவரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு வெறி. நோயாளிகளில் பாதிப் பேருக்கு வேர் மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டது அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. மாத்திரை உருட்டியதும் அவன்தான். அவனைத் தவிர நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று அவனிடம் சத்தியம் வாங்கப்பட்டது. இதையெல்லாம் டாக்டர் பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒளிக்காமல் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய ஒவ்வொருவரும், தனக்கு நல்ல மாத்திரைதான், பக்கத்தில் இருப்பவர்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டார். போதும் என்று நான் சொல்லும்வரை ஒரு வியாழக்கிழமைகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மூன்று பேர் செத்து, மூன்று பேரும் தவறாமல் வந்துகொண்டிருந்த சமயத்தில் டாக்டரின் மனைவிக்கு இருமல் வந்தது. தனக்கும் மற்றவர்களைப் போலவே சீட்டுக் குலுக்கச் சொன்னாள். "ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்றாள். சொந்த வீட்டில், வரிசையின் கடைசி ஆளாக, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நாளாக ஆக வளையல்கள் முழங்கைவரை ஏறின. ஒரு நாள் மைத்துனன் டாக்டரின் மேசைக்கு எதிரே வந்து நின்றான். "அத்தான், ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டா சொல்லிடறேன்" என்றான். டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. "கேட்டா இத்தனை பேரு வந்துபோனதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும் மாப்பிள்ளை" என்றார். கேட்கச் சொன்னதிலேயே பதில் இருந்தது. அது புரியாத அளவுக்கு டாக்டர் முட்டாள் அல்ல. செத்தாலும் வியாழக்கிழமை வந்துவிடுவாள் என்ற தைரியம்தானே உங்களுக்கு என்று மைத்துனன் கத்திவிட்டுப் போனான். மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். வியாழக்கிழமை வந்தாள்.

ஆராய்ச்சி அமோகமாக வெற்றி பெற்றது. வேர் மாத்திரை சாப்பிட்டவர்கள் பிழைத்துத் தொப்பை போட்டார்கள். சிரித்த ஆஸ்பத்திரியே அந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. வெறும் மாத்திரைக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் செத்து, ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்று அவர்களுக்குள் சண்டை வரும். தெரு பழகிவிட்டது. ஆனால் வாராவாரம் அவர்கள் எடை குறைந்துகொண்டே போனது. அவர்களில் ஒருவரான பள்ளிக்கூட டீச்சரின் உடம்பு வழியாகச் சுவரில் இருந்த விரிசல் தெரிய ஆரம்பித்ததும் மைத்துனன் வந்து, "அவங்களை விட்டுடுங்க அத்தான், கரைஞ்சே போயிடுவாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

டாக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்களுக்குக் கொடுத்தது மாவு, போதும், இனி வரவேண்டாம் என்று சொன்னார். டீச்சர் மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்து வீசினார். டாக்டர் விலகிக்கொள்ளவில்லை. தையல்காரர், "அப்போ என்னை வெச்சுத்தான் அந்த டிரைவர் பொழைச்சானா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். "இருந்துட்டுப் போகட்டும். ஆனா பேன்ட் இடுப்பைப் பெரிசு பண்ண என்கிட்ட வரச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பெஞ்சில் மனைவி மட்டும் மிச்சம். அவளிடம் டாக்டர் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாள். எடை பார்த்து, நாடி இல்லாத மணிக்கட்டைக் கொஞ்சம் அதிகநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரம் வா என்பார். வருஷங்கள் இப்படியே ஓடின. எடை மெஷினில் அவள் ஏறினால் முள் இலேசாக நடுங்கி நின்றது. சொல்லாவிட்டாலும் போய்விடுவாள் என்பது டாக்டருக்கு ஒரு வியாழக்கிழமை உறைத்தது. அன்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"தெரியுமே" என்றாள் மனைவி.

அந்த வேரை முதன்முதலில் வேகவைத்தது அவள் சமையலறையில்தான். அன்றே நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கசந்த வாயோடு தண்ணீர் குடித்தால் தொண்டையில் தித்திப்பு இறங்கும். தன் மாத்திரைக்குப் பிறகு குடித்த தண்ணீர் வெறும் தண்ணீராகவே இருந்தது என்றாள். முதல் நாளே தெரிந்துவிட்டதாம்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா மாத்திக் குடுத்திருப்பீங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம், இவளால ஆராய்ச்சி கெட்டுப்போச்சேன்னு நினைச்சிருப்பீங்க."

டாக்டர் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் போய் விழுந்து வாய்விட்டு அழுதார். இல்லை, நினைத்திருக்க மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. மனைவி அவர் அழுது முடிக்கும்வரை நின்றாள். போகவில்லை. பிறகு, "ஆராய்ச்சிதான் முடிஞ்சுபோச்சே. இப்பவாவது எனக்கு நல்ல மாத்திரை குடுங்களேன்" என்றாள்.

மைத்துனன் மறுபடி மாத்திரை உருட்ட வருகிறான். இறந்தவருக்கு மருந்து கொடுப்பது எந்த முறையில் சேரும் என்று கேட்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்தார். அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பினார்கள். இப்போது முள் தெளிவாக நகர்கிறது. வளையல்கள் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டன. இருமலும் பாதியாகக் குறைந்திருக்கிறது. நாள்பட்ட நோய், முழுதாகக் குணமாக இன்னும் நாளாகும் என்கிறார் டாக்டர். அவசரம் ஒன்றுமில்லை என்கிறாள் மனைவி.