ஆறு மா தென்னந்தோப்பு

பேராவூரணிக்காரி பூவிழி தன் தென்னந்தோப்பை ஆறு மா என்று சொன்ன அன்றுதான் சுடர்விழிக்கு முதல் சந்தேகம் தட்டியது.

சுடர்விழி மன்னார்குடியில் உதவி வேளாண்மை அலுவலர். அதற்கு முன் இரண்டு வருஷம் பேராவூரணிப் பக்கம் வேலை பார்த்தவள். அங்கே யாரிடம் கேட்டாலும் நூறு மரம், இருநூறு மரம் என்றுதான் சொல்வார்கள். தோப்பை மாவில் அளந்து சொன்ன ஒரு தென்னைக்காரரை அவள் பார்த்ததில்லை. மா என்பது நெல்லுக்காரர்கள் பேச்சு. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். வயலிலேயே கிடக்கிறவன் வாயில்தான் அது தானாக வரும்.

பூவிழியோடு பழக்கம் மூன்று மாதமாக. பிரிந்து வாழும் பெண்களுக்கான ஒரு முகநூல் குழுவில் அறிமுகம். பிறகு தனியாக அரட்டை. பூவிழிக்கும் விவாகரத்து ஆகிவிட்டதாம். மகள் அப்பாவிடம் இருக்கிறாளாம். எல்லாம் எழுத்தில்தான். பேசலாமா அக்கா என்று கேட்டால் சளி பிடித்திருக்கிறது என்று பதில் வரும். மூன்று மாதம் விடாத சளி. ஊருக்கெல்லாம் பூச்சி மருந்து சொல்கிறவளுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கண் மறைத்துவிட்டது.

"அறுவடை எப்பக்கா?" என்று சும்மா எழுதிப் பார்த்தாள்.

"தை கடைசிக்குள்ள அறுத்துடுவோம்மா."

தென்னையை அறுப்பதாவது! மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு, வருஷம் முழுக்க. சுடர்விழி வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். தை கடைசிக்குள்ள அறுத்துடணும், தை கடைசிக்குள்ள அறுத்துடணும் என்று எட்டு வருஷம் காலைக் காப்பியோடு கேட்ட வார்த்தை அது. சொன்னவன் இளவழகன். நெல் அறுக்கிற மிஷின் ஒன்றுக்குச் சொந்தக்காரன், அதன் ஓட்டுநரும் அவனே. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவளுடைய கணவன்.

விவாகரத்து முடிந்துவிட்டது. முடியாமல் கிடப்பது மகள் பரிதி யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு. இப்போதைக்கு ஏழு வயதுப் பரிதி அம்மாவிடம். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஆறு வரை, மன்னார்குடி தெப்பக்குளக் கரையில், அம்மாவின் கண்ணெதிரே அப்பா பார்க்கலாம். வருகிற திங்கட்கிழமை தஞ்சாவூர் குடும்ப நீதிமன்றத்தில் வாய்தா.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூன்று மாத அரட்டையை முதலிலிருந்து படித்தாள். "ஏம்மா, புள்ளைக்கு அடிக்கடி காய்ச்சல் வருதோ?" என்று பூவிழி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இவளே தன் கையால் எழுதியிருந்தாள்: "காய்ச்சல் எல்லாம் சும்மாக்கா. அவர்கிட்ட காட்ட மனசு வரல." இன்னும் கொஞ்சம் கீழே: "தர்மபுரிக்கு மாற்றல் கேட்டிருக்கேன். அவ்ளோ தூரம் போயிட்டா வரமாட்டாருல்ல."

ஏழு சனிக்கிழமை தட்டிப் போயிருந்தது. நாலு காய்ச்சல், இரண்டு பள்ளி விழா, ஒரு கல்யாணம். அங்கே சளி, இங்கே காய்ச்சல், மொத்தத்தில் நல்ல ஆரோக்கியமான குடும்பம்.

சுடர்விழி கெட்டவள் இல்லை. கடைசியாக அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று சோறு பிசைந்துகொண்டே பரிதி கேட்டாள்: "அம்மா, நான் கொஞ்ச நாள் அப்பா வீட்ல இருக்கட்டுமா?" அவ்வளவுதான். அதற்கு அடுத்த சனிக்கிழமை முதல் காய்ச்சல் ஆரம்பித்தது. பிள்ளை போய்விடுவாள் என்ற பயம் ஒரு தாயை எதையும் செய்யவைக்கும். அவளும் செய்தாள்.

மாடிப்படிக்குக் கீழே நின்று வக்கீல் பெரியநாயகசாமிக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"பொம்பள பேருல கணக்கு ஆரம்பிச்சு ஏமாத்திருக்காரா? அருமைம்மா! நம்ம கேஸுக்கு இது போதும். அந்த அரட்டைய அப்படியே எடுத்துக் குடுங்க."

"பாதிய மட்டும் குடுக்கலாமா சார்?"

"ஏன், மீதியில என்ன இருக்கு?"

அவள் சொன்னாள். அவருடைய சந்தோஷம் அடங்கிவிட்டது. "குடுத்தா மொத்தமாதான் குடுக்கணும்மா. நீங்க அவரக் காட்டினா, அது உங்களையும் காட்டும். பேசாம அந்தக் கணக்க பிளாக் பண்ணிடுங்க. திங்கட்கிழமை அவங்க என்ன எடுத்து வைக்கிறாங்கன்னு பாப்போம்."

பிளாக் செய்ய விரலைக் கொண்டுபோனவள் செய்யவில்லை. ஒரு விஷயம் அவளை அரித்தது. பூவிழி கேட்டவற்றில் பாதி, வக்கீல் சொல்லிக் கொடுத்துக் கேட்டது மாதிரி இருந்தது. மீதிப் பாதி எந்த வழக்குக்கும் உதவாதது. பாப்பா இன்னும் வெண்டைக்காயை ஒதுக்கி வைக்கிறாளா? இடி இடித்தால் யார் பக்கத்தில் போய்ப் படுப்பாள்? ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்ததா? பல்லைப் பற்றி மட்டும் நாலு தடவை. எந்த நீதிபதிக்கு வேண்டும் இந்தப் பல்?

சாயங்காலம் பரிதி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது சுடர்விழி எழுதினாள்: "அக்கா, உங்க பொண்ண கடைசியா எப்பப் பாத்தீங்க?"

எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கேட்டது தப்போ என்று அவள் நினைத்த நேரத்தில் பதில் வந்தது.

"நூத்திப் பதினஞ்சு நாள் ஆச்சும்மா."

அவள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியிலும் புது நாட்காட்டியிலும் விரல் வைத்து எண்ணினாள். இளவழகன் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமையிலிருந்து இன்று செவ்வாய் வரை. ஒரு நாள் கூடுதலும் இல்லை, ஒரு நாள் குறைவும் இல்லை.

அடுத்த செய்தி தானாக வந்தது. "காய்ச்சல்னு சொல்லிடறாங்க. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் போயி ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்துட்டுத்தான் வருவேன். ஒருவேளை காய்ச்சல் விட்டு வந்துட்டா?"

சுடர்விழிக்கு அவன்மேல் கோபம் வந்தது. ஏமாற்றினானே என்ற கோபம் இல்லை. பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறானே, அந்தக் கோபம். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் இப்படி இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசியிருப்பானா? அழுகையும் வந்தது. அதையும் மறைக்கத் தோன்றவில்லை.

"ஏம்மா அழற?" என்றாள் பரிதி.

"உனக்கு நாலு தடவ காய்ச்சல் வந்துச்சுல்ல, அத நினைச்சு."

"எனக்கா? எப்ப?"

சுடர்விழி கைப்பேசியை எடுத்து எழுதினாள். எழுதுவது தனக்கு எதிரான சாட்சி என்று நன்றாகத் தெரிந்துதான் எழுதினாள்.

"பாப்பாவுக்கு முன்பல் விழுந்துடுச்சுக்கா. தீப்பெட்டியில எடுத்து வச்சிருக்கா. இந்தச் சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வராது."

அன்று பதில் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளியிலும் வரவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முன்பே இளவழகன் தெப்பக்குளக் கரையில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். பரிதி ஓடிப்போய் ஈ என்று வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினாள். அவன் அந்த ஓட்டையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை குளத்து மீனுக்குப் பொரி போடும்போது அவன் மெல்லக் கேட்டான். "எப்பத் தெரிஞ்சுது?"

"ஆறு மா தோப்புன்னீங்களே."

"பின்ன எப்படிச் சொல்லணும்?"

"மரத்துல சொல்லணும். தென்னைய யாராவது தையில அறுப்பாங்களா?"

அவனுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. "நெல்லத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"நான் எழுதுனது எல்லாத்தையும் படம் எடுத்து வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். நீ?"

"நானுந்தான்."

பரிதி தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"அப்பா, பல்ல சாணில உருட்டி ஓட்டு மேல போடணும். நம்ம வீட்டு ஓட்டுலதான். போன பொங்கலுக்கு விழுந்த கீழ்ப்பல்ல நீங்க அங்கதான கொண்டுபோயிப் போட்டீங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்."

நம்ம வீடு என்று அவள் சொன்னது அம்மாப்பேட்டைப் பக்கம் இருக்கும் இளவழகனின் ஓட்டு வீட்டை. சுடர்விழி இருப்பது தளம் போட்ட வாடகை வீடு. தலைக்குமேல் வேறொரு குடித்தனம். பைக்கில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. நீதிமன்ற உத்தரவில் அதற்கு இடமில்லை. இளவழகன் ஒன்றும் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டிருந்தால் ஒருவேளை அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள்.

"ஆறு மணிக்குள்ள கொண்டாந்து விட்ருங்க" என்றாள்.

பைக் கிளம்பிப் போன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது விளங்கியது. கேட்பவர்கள் காறித் துப்புவார்கள். மூன்று மாதம் பெண் பெயரில் ஏமாற்றியவன் கையில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வாய்தாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள். நாலரை. ஐந்து. பொரிப் பொட்டலத்தில் மிச்சம் இருந்ததை மீனுக்குப் போட்டாள். ஐந்தே முக்கால். அவன் எண்ணுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. ஆறு. ஏழு சனிக்கிழமை இதே படியில் ஆறு மணி வரை ஒருவன் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது அவளுக்கு அப்போது உடம்பிலேயே தெரிந்தது.

ஆறு இருபதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. பூவிழி.

"முதல் தடவ போட்டப்ப பல்லு ஓட்டுல சறுக்கிக் கீழ விழுந்துடுச்சும்மா. வைக்கப்போர்ல தேடி எடுத்து மறுபடி போட்டோம். இப்ப நின்னுடுச்சு. பாதி வழியில ஓரமா நிறுத்தி எழுதறேன். வந்துக்கிட்டிருக்கோம்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சுடர்விழி மூன்று தடவை படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள்.

"சரிக்கா. மெதுவாவே வாங்க."