கிளம்பும்போது கேட்கிற ஆள்

வெளியே கிளம்புகிறவர்களைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. எங்கள் கோம்பையில் இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால், தூரமா என்று பட்டும் படாமல் கேட்டுக்கொள்ளலாம். போகிறவரும் இந்தா பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். அந்தப் பக்கத்து ஊர் மதுரையாகவும் இருக்கும், மலேசியாவாகவும் இருக்கும். அது கேட்டவர் பாடு.

இத்தனை ஒழுங்கான ஊரில் எனக்கென்று வாய்த்த மனுசன் பிச்சைமணி, முப்பது வருசமாகக் காலை தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏ பாண்டீசு, எங்க போற?"

எங்கே போவேன்? அங்கன்வாடிக்குத்தான். பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர் வேலை எனக்கு. கல்யாணமான மறு வருசத்திலிருந்து அதே ஊர், அதே காலை பஸ். இது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் செருப்பை மாட்டி, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைக்கிற நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். கேட்டுவிட்டால் அப்படியே போகக் கூடாது. செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, செத்த நேரம் இருந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பாதி நாள் அதற்குள் பஸ் வந்து போயிருக்கும். அங்கே பிள்ளைகள் பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அழும். சூப்பர்வைசர் அம்மா போன் போட்டு என் மானத்தை வாங்கும். வைதுகொண்டேதான் உட்காருவேன். அவர் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்தது, குருவி கொத்தினது என்று அவர் பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். என் கண் கடிகாரத்தில் இருக்கும்.

அந்த மனுசனுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. பஸ் ஸ்டாப்பில் போய் நிற்க வேண்டுமாம். வருகிற முதல் பஸ்ஸில் போர்டைப் பார்க்காமல் ஏற வேண்டுமாம். அது எங்கே கொண்டுபோய் இறக்கி விடுகிறதோ அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு வர வேண்டுமாம். ரெண்டு பேரும் போவோம் என்று வருசத்துக்கு நாலு தடவையாவது சொல்வார். வேலை வெட்டி இல்லாத பேச்சு என்று தள்ளிவிடுவேன். நான் ரிட்டையர் ஆகட்டும், அப்புறம் பார்ப்போம் என்பேன். சரி என்பார். கோபம் என்பதே வராது அவருக்கு. அதெல்லாம் எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இந்தச் சித்திரையில் நான் ரிட்டையர் ஆனேன்.

அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், ரேஷனுக்குப் போகிறேன். ஒரு ஈ காக்கைகூடக் கேட்கவில்லை. எவ்வளவு மரியாதையான ஊர் பாருங்கள், எரிச்சல்தான் வருகிறது. திருப்பூரில் இருக்கிற மகன் ராத்திரியானால் போன் போட்டு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பான். நான் எங்கேயாவது போவேன் என்பதே அவன் நினைப்பில் இல்லை. வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் கால் தானாக நின்று பார்க்கும். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வராது. அந்தச் சத்தத்துக்காக நான் ஏங்கிப் போனேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை, யாராவது ஒருத்தர், நான் கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று கேட்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வருசமும் திரும்பியது. ஆவணி பிறந்ததும் ஒரு நாள், அவர் சொன்ன மாதிரியே கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். போகிற இடம் எனக்கே தெரியாது. தெரியாமல் ஒருத்தி போனால் ஊர் கேட்காமல் இருக்குமா? கேட்க வைக்கத்தான் சுங்குடிச் சேலை கட்டினேன். ரெண்டு நாள் துணி வைக்கிற பையை எடுத்தேன். உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான். வீட்டைப் பூட்டி, பூட்டைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி இழுத்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு உமாதேவி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள்.

"தூரமா மதினி?"

"எங்கனன்னு எனக்கே தெரியல" என்றேன். இதற்கு மேல் ஒருத்திக்கு எப்படி எடுத்துக் கொடுப்பது?

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியைப் பிழிந்தாள்.

ஸ்டாப்பில் நின்று கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் போர்டு எனக்குப் புகைதான். வந்த பஸ்ஸின் முகத்தில் ரோஸ் கலர் மட்டும் தெரிந்தது. பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ். கண்டக்டர் வந்தார், ஏறிட்டும் பார்க்காமல் இலவசச் சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காசு கொடுத்துப் போன காலத்தில் கண்டக்டராவது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் போச்சு.

பஸ் உத்தமபாளையம் வழியாகக் கம்பத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. நல்ல தெரியாத ஊர் போங்கள். எங்கள் வீட்டு அத்தனை கல்யாணத்துக்கும் ஜவுளி எடுத்தது கம்பத்தில்தான். இதற்கா சுங்குடிச் சேலை என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவராக இருந்தால் விடமாட்டார், இன்னொன்றில் ஏறு என்பார். ஒரு ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் ஊர்ப் பேரைக் கூவிக்கொண்டிருந்தார். முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு போய் ஏறினேன். இறங்கும்போது காசு கொடுத்தால் போதும் என்றார் அவர். அவரும் கேட்கவில்லை.

வண்டி மலைக்குத் திரும்பியபோதுதான் கேரளாவுக்குப் போகிறோம் என்று புரிந்தது. என் காலுக்கு மேல் ஒருவர் தக்காளிக் கூடையை வைத்திருந்தார். வளைவு திரும்பத் திரும்பக் காது அடைத்தது. கீழே தென்னையும் வாழையும் திராட்சைப் பந்தலுமாகப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிடந்தது. அதில் எங்கள் தோட்டம் எங்கே இருக்கும் என்று தேடினேன். கண்ணாடி போட்டும் தேடினேன், தெரியவில்லை. இந்த மலையை அவர் தோட்டத்தில் நின்று தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஒரு நாளும் ஏறினதில்லை.

எல்லைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். இவராவது கேட்பார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். மாநிலம் விட்டு மாநிலம் போகிறேன், என்னை ஒரு ஆள் ஏன் என்று கேட்கவில்லை.

ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். ஜீப் ஒரு முக்கு ரோட்டில் நின்றது. ரெண்டு மளிகைக் கடை, ஒரு டீக்கடை, சுற்றிலும் ஏலத்தோட்டம், குளிர். போர்டெல்லாம் மலையாளம். அது என்ன ஊரென்று நான் இன்றுவரைக்கும் யாரிடமும் விசாரிக்கவில்லை. டீக்கடைக்காரர் சேச்சி என்று கூப்பிட்டுச் சாயா போட்டுக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து ரெண்டு வாய் குடிப்பதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த மழையும் அந்த டீயும் அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்திருக்கலாம். நினைக்க நினைக்க ஆறவில்லை.

அப்போது நனைந்துகொண்டே ஒரு பெண் கடைக்குள் ஓடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, கையில் அரிசிப் பை. என் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தவள், சேலையைப் பார்த்ததுமே நீங்கள் நம்ம பக்கமா என்றாள். கோம்பை என்றேன். அவள் பிறந்தது தேவாரமாம். பேர் இருளம்மாள். ஏலக்காய் எடுக்க வந்து, இங்கேயே தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், லயத்தில், தங்கிவிட்டாளாம். மழை விட்டதும் அங்கே போய்த்தான் உலை வைக்க வேண்டும் என்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. செருப்புக்குள் அட்டை புகுந்த கதை, தோட்டத்துக் கங்காணி வழுக்கி விழுந்த கதை, அவள் வளர்க்கிற கோழி வேறெங்கும் முட்டையிடாமல் அவளுடைய கல்யாணப் பட்டுச்சேலை மடிப்புக்குள்ளேதான் இடுவேன் என்று அடம் பிடிக்கிற கதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து ஒரு வருசத்துக்கு மேல் ஆயிற்று. என்னோடு ஒருத்தி உட்கார்ந்து பேசியும் அத்தனை நாள் ஆகியிருந்தது.

மழை விட்டது. அவள் சட்டென்று எழுந்தாள். சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருகிறேன் அக்கா என்று ஒரு காலை வெளியே வைத்தாள்.

"எங்க போற?"

கேட்டது நான்தான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு ஈ எறும்பைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

அவள் நின்ற இடத்திலேயே திரும்பினாள். "என்னக்கா இது? அம்புட்டும் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கீக, கெளம்பும்போது போயி எங்கன்னு கேட்டுப்புட்டீகளே" என்றாள்.

பையை இறக்கி வைத்தாள். சாக்கை எடுத்தாள். உட்கார்ந்தாள். கடைக்காரரிடம் மலையாளத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். இனி செத்த நேரம் இருந்துதான் போக வேண்டும் என்று சலித்துக்கொண்டே விட்ட இடத்திலிருந்து கோழிக் கதையைத் தொடர்ந்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியாதா? லயத்துக்குத்தான். அவளே சொன்னாள். எனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. இவள் இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றிருந்தது, அதற்குக் கேட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பாவி மனுசன். பாவி மனுசன். நான் திட்டிக்கொண்டே திரும்பி வரும்போது செம்பில் தண்ணீர் மோந்து தயாராக இருக்கும். கேட்ட பிறகு மோந்த தண்ணீர் இல்லை அது. நாற்காலி இழுத்துப் போட்டிருக்கும். லீவு நாளில் கடைக்குப் போகும்போது அவர் கேட்டதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகும்போது கேட்டது கிடையாது. அன்றைக்கெல்லாம் நான் சாயங்காலம்வரை வீட்டில் இருப்பேன், கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வேலைக்கு ஓடுகிற நாளில், விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்த் திரும்புகிற ஆளுக்கு, நான் கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் கிடைத்தது. அவருக்கு வந்து வாய்த்த பெண்டாட்டியை வேறு எதைச் சொல்லியும் உட்கார வைக்க முடியாது. இரு என்றால் இருக்கமாட்டாள். இந்தக் கேள்விக்குத்தான் பயப்படுவாள். ஒரு தடவைகூட நான் என்ன பதில் சொல்கிறேன் என்று அவர் காத்திருந்ததில்லை. குருவி கொத்தின கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அழுவதைப் பார்த்து இருளம்மாள் பதறிப் போனாள். "ஏக்கா, நான் தப்பா எதுவும் சொல்லிப்புட்டேனா?"

"இல்லாத்தா. நீ சொல்லு, கேக்குறேன்."

கோழிக் கதை முடிந்ததும் அவள் மறுபடி எழுந்து போனாள். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவளுக்கு உலை வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கேட்டால் பிழைப்பு கெட்டுவிடும். அவரும் ஒரு நாளும் ரெண்டாம் தடவை கேட்டதில்லை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தால், வாசல்வரை வந்து பேசாமல் நிற்பார்.

மழைக்குப் பிறகு மலை முழுக்க வெயில் அடித்தது. கீழே போகிற ஜீப் ஒன்று வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டு, ஆளில்லாமல் போனது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெஞ்சில் அந்த மனுசனுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். கடைக்காரர் காதில் விழுந்தால் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"கேளுங்க. இன்னைக்கு எனக்கு பஸ்ஸு கெடையாது. எம்புட்டு நேரம்னாலும் ஒக்காந்திருக்கேன், கேளுங்க."