பொய் சொன்னால் அவிழும் கால்சட்டை

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வெனிலா என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர்ப் பெண். விழுப்புரத்தில் காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். இந்த மே மாதம் எங்கள் மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்தும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறார்களாம்.

“அருண் அண்ணே, சின்னதுல மன்றத்துல ஒரு பொம்ம படம் பாத்தோமே. பொய் சொன்னா ராஜாவுக்குக் கால்சட்ட அவுந்துடும். அந்தப் படம் பேரு இன்னா? நெட்டுல தேடித் தேடிப் பேஜாரா பூட்ச்சி.”

“அது இப்ப கெடைக்காது வெனிலா.”

“தமிழ்ல டப்பிங் குடுத்தது யாருன்னாவது சொல்லு. அந்தாளு பேரப் போட்டுத் தேடறேன்.”

மயிலத்தில் அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த மயிலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எனக்கு மயிலத்தில் ஒரு வேலையும் இல்லை. அந்தாள் நான்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், 2003 மே மாதம். அப்போது நான் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். மூன்று அரியர், அதில் இரண்டு ஆங்கிலம். ஆனாலும் ஊரில் ஆங்கிலம் என்றால் என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். கோயில் மன்றத்தில் இங்கிலீஷ் படம் போட்டால், டிவிக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு உட்கார்ந்து தமிழில் கதை சொல்லவேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். எனக்கு முன்னால் அந்த மைக்கை வைத்திருந்தவர் உபதேசியார். சண்டை வந்தால் “இப்ப சண்ட போடறாங்க” என்பார். அழுதால் “இப்ப அழுவறாங்க” என்பார். அந்த அளவுக்குத் துல்லியம் என்னிடம் கிடையாது. நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

அந்த வருஷம் மறைக்கல்வி வகுப்பை நடத்தியவர் சூசை மேரி அக்கா. எங்கள் வீட்டுக்குப் பின்தெரு. டீச்சர் ட்ரெய்னிங் முடித்துவிட்டு நான்கு வருஷமாகக் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவர். கோயில் நர்சரிப் பள்ளியில் ஜூனில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதற்கு மூன்று பேர் எழுதிப் போட்டிருந்தார்கள். பங்குச் சாமியார் சவுரிராயன் ஃபாதர் அக்காவைக் கூப்பிட்டு, “பத்து நாள் கிளாஸ நடத்தும்மா. கடைசி நாளு வந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார்.

ஒன்பது நாள் நன்றாகப் போயிற்று. பத்தாவது நாளுக்குப் பிள்ளைகள் படம் கேட்டார்கள். அக்கா என்னைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்.

சிடி கடைக்காரர் வெங்கடாசலம் ஒரு வழிமுறை வைத்திருந்தார். கெட்ட படத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர், சண்டைப் படத்துக்கு மஞ்சள், சாமி படத்துக்கும் பொம்மைப் படத்துக்கும் பச்சை. அவர் இங்கிலீஷ் படம் எதையும் பார்த்ததில்லை. அட்டையைப் பார்த்தே ஒட்டிவிடுவார். நான் எடுத்த பச்சை ஸ்டிக்கர் அட்டையில் கோட்டை இருந்தது, கிரீடம் வைத்த ராஜா இருந்தார், தாடி வைத்த மந்திரவாதி இருந்தார், ஒரு பச்சை டிராகன் இருந்தது.

“பிள்ளைங்க பாக்கலாமாண்ணே?”

“பொம்ம படம் தானே தம்பி. ஒருத்தன் ஒக்காந்து ஆயிரக்கணக்குல படம் வரையறான். அவனுக்குக் கெட்ட எண்ணம் வர்றதுக்கு நேரம் ஏது? ஜல்தியா எடுத்துக்கினு போ, கடைய மூடணும்.”

அந்த வாதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கடை விலாசம் அச்சடித்த பெரிய ஸ்டிக்கர் அதை முழுக்க மூடியிருந்தது.

மறுநாள் காலையில் ஃபாதர் அக்காவிடம் கேட்டார். “படத்த நீ பாத்துட்டியாம்மா? அம்மாங்கள்லாம் வர்றாங்க.”

“பாத்துட்டேன் சாமி. நல்ல படம்.”

அக்கா வீட்டில் அப்போது டிவியே கிடையாது.

பத்தரை மணிக்கு மன்றத்தில் நாற்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்கள். பின்னால் அம்மாக்கள், சுவரோரம் இரண்டு மூன்று அப்பாக்கள், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபாதர். எட்டு வயசு வெனிலா ஃபாதர் கால்மாட்டில், முதல் வரிசையில். முதல் இரண்டு நிமிஷம் மேகமும் மலையும் கோட்டையுமாக அழகாக ஓடியது. ஒரு பறவை பறந்து வந்து ராஜாவின் கிரீடத்தின்மேல் எச்சம் போட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஃபாதரும் சிரித்தார். ராஜா கோபத்தோடு எழுந்தார். கால்சட்டை கழன்று கணுக்காலில் விழுந்தது. அதை எடுக்க எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்தார்.

 நாற்பது பேரும் சேர்ந்து சிரித்ததில் ஓட்டுமேல் உட்கார்ந்திருந்த புறா பறந்தது.

ராஜா திரும்பி மந்திரவாதியைத் திட்ட ஆரம்பித்தார். என் அரியர் ஆங்கிலத்துக்கே அந்த வார்த்தைகள் புரிந்தன. அக்கா பிளேயருக்குப் பக்கத்தில் நின்று பிளக் ஒயரைக் கையில் பிடித்திருந்தார். பிடுங்கவில்லை. பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். பார்த்துவிட்டேன் என்று காலையில் சொன்ன வாய் அதற்கு என்ன பதில் சொல்லும்? அவர் என்னைப் பார்த்தார். ஜூன் மாதம் முழுக்க அந்தப் பார்வையில் இருந்தது.

நான் டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

“பிள்ளைங்களே, இந்த ராஜாவுக்கு ஒரு சாபம். பொய் சொன்னா கால்சட்டை அவுந்துடும்.”

“இன்னா பொய் சொன்னாரு?” என்றாள் வெனிலா.

“ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனேன்னு சொன்னாரு. போவல.”

சுவரோரம் நின்ற அப்பாக்களில் ஒருவர் பீடி குடிக்க வெளியே போனார்.

அதற்கப்புறம் கை பழகிவிட்டது. மந்திரவாதி பீப்பாயிலிருந்து குடித்துவிட்டுத் தள்ளாடினான். “இவர் ஒரு துறவி. நாற்பது நாள் உண்ணாவிரதம். அதான் கிறுகிறுன்னு வருது.”

“தொப்ப இருக்குதேண்ணே.”

“தண்ணி மட்டும் குடிக்கிற விரதம் வெனிலா.”

டிராகன் வந்தது. அதற்கு வயிறு சரியில்லை. பின்பக்கமிருந்து கிளம்பிய பச்சைப் புகையில் ஒரு படையே மயங்கி விழுந்தது. “நரகத்தோட கந்தகப் புகை,” என்றேன். “பாவம் செஞ்சவங்களுக்கு மட்டும் நாறும்.” பின்னாலிருந்து ஒரு அம்மா, “ஐயோ சாமி” என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் திரையின் அடியில் மஞ்சள் எழுத்துகளைப் பார்த்தேன். பேசுவதெல்லாம் கீழே ஒரு எழுத்து விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கலாம், எழுத்தை என்ன செய்வது? அந்த மன்றத்தில் அதைப் படிக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் பெங்களூரில் எட்டு வருஷம் படித்தவர். நான் திரும்பிப் பார்த்தபோது ஃபாதர் அங்கிப் பைக்குள் கையை விட்டு மூக்குக் கண்ணாடியை எடுத்து, நிதானமாகத் துடைத்து, போட்டுக்கொண்டார்.

முதல் சிடி முடிந்தது. பிள்ளைகளுக்கு அவித்த மல்லாட்டை கொடுத்தார்கள். நானும் அக்காவும் மேடைக்குப் பின்னால் போனோம். பின் அட்டையில் இருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். ஒரு சூனியக்காரி மரத்தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வட்டத்துக்குள் பதினெட்டு என்று போட்டிருந்தது.

“இது இன்னாடா?”

“ரெண்டாவது சிடில வரும் போலக்கா.”

“நீ சொன்னியேடா, பச்சன்னு.”

“நீ சொன்னியேக்கா, பாத்துட்டேன்னு.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஒரு கால்சட்டைய மறச்சிட்ட. தொட்டிய எப்டிடா மறைப்ப?”

“ரெண்டாவது சிடி கீறலு, ஓடலன்னு சொல்லிடலாம்.”

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் வெளியே பிள்ளைகள் கைதட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் போவதற்கு முன்பே ஃபாதர் தன் கையாலேயே இரண்டாவது சிடியைப் போட்டுவிட்டு நாற்காலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். “உக்காரு அருண். கத நல்லா போவுது” என்றார். முகத்தில் எதுவும் இல்லை.

நான் மைக்கைப் பிடித்தேன். ராஜா காட்டுக்குள் நடந்தார். தூரத்தில் ஒரு குடிசை. குடிசைக்குப் பின்னால் ஆவி வந்தது. நான் காட்டைப் பற்றிப் பேசினேன். மரங்களைப் பற்றிப் பேசினேன். ஆண்டவர் மூன்றாம் நாள் மரங்களைப் படைத்ததைப் பற்றிப் பேசினேன். ராஜா நிற்காமல் குடிசையை நோக்கி நடந்தார். அக்காவைத் தேடினேன். பிளேயர் பக்கத்தில் அவர் இல்லை.

மரத்தொட்டியின் ஓரம் திரையில் தெரிந்தபோது கோயில் மணி அடித்தது.

எங்கள் ஊரில் மத்தியான மணி அடித்தால், யார் எங்கே இருந்தாலும் எழுந்து கோயில் பக்கம் திரும்பி நின்று மூவேளை செபம் சொல்லவேண்டும். கழனியில் இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தியில் இருந்தாலும் சரி. மன்றத்தில் டிவி மேற்கே, கோயில் கிழக்கே. நாற்பது பிள்ளைகளும் மல்லாட்டைத் தோலை உதறிக்கொண்டு எழுந்து, ஒன்றாக டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். அம்மாக்கள் முக்காடு போட்டுக்கொண்டார்கள். ஃபாதரும் எழுந்தார். கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பதினொன்றே முக்கால்கூட ஆகவில்லை. அப்புறம் கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார்.

நானும் கிழக்கே திரும்பி நின்றேன். படத்தை ஓட்டிவிட, கை மட்டும் முதுகுக்குப் பின்னால் குறி தெரியாமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். செபம் முடியும் நேரத்தில் சூனியக்காரி இன்னும் தொட்டியில்தான் இருந்தாள். ஃபாதர் நிறுத்தவில்லை. வழக்கமில்லாமல் அன்றைக்கு மழைக்காக வேண்டினார். மரித்தவர்களுக்காக வேண்டினார். பிளஸ் டூ ரிசல்ட்டுக்காக வேண்டினார். அவள் எழுந்து, துவட்டி, உடுத்தி, ராஜாவைக் குதிரையில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் “ஆமென்” என்றார்.

படத்தின் கடைசியில் ராஜா சாணிக் குழியில் விழுந்தார். கால்சட்டை இடுப்பிலேயே இருந்தது. “ராஜா முதல் தடவையா உண்மைய சொல்லிட்டாரு. பாருங்க, அவுழல,” என்று முடித்துவைத்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஃபாதர் மைக்கை வாங்கினார். “படத்துல இன்னா கத்துக்கினீங்க?”

“பொய் சொன்னாக் கால்சட்ட அவுந்துடும் சாமி,” என்று கூரை அதிரச் சொன்னார்கள்.

“நல்லது.” வாசலில் மூச்சு வாங்க நின்றிருந்த அக்கா பக்கம் திரும்பினார். “சூசை மேரி, இந்தப் படத்த நீ முன்னாடியே பாத்தியாம்மா?”

நாற்பது தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் புடவைக் கொசுவத்தைப் பார்த்தார்கள். வெனிலா நன்றாகத் தெரிவதற்காக இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அக்கா கொசுவத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். “இல்லீங்க சாமி. பாக்காமதான் பாத்துட்டேன்னு சொன்னேன்.”

“மணி?”

“நான்தான் அடிச்சேன்.”

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அது கொஞ்சம் நேரம் பிடித்தது.

“ஜூன் மூணாந்தேதி ஸ்கூல் தொறக்குது. எட்டரைக்கு வந்துடு. மணி அடிக்கற வேலைய மட்டும் உனக்குக் குடுக்க மாட்டேன்.”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஃபாதர் என்னைக் கடந்து போகும்போது மைக்கைக் கையில் கொடுத்தார்.

“அந்தத் துறவி பேசனதுல பாதிதான் நீ சொன்ன அருண். மீதியும் கீழ எழுதியிருந்திச்சி.”

“சாமி…”

“சனிக்கிழம சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு வா. சிடிய வெங்கடாசலத்துக்கிட்ட நானே குடுத்துக்கறேன். ஸ்டிக்கரு பத்தி அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்.”

ஃபாதர் அப்புறம் மேல்சித்தாமூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய், அங்கேயே இறந்துபோனார். மன்றத்தை இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். மணி இப்போது கரண்டில் அடிக்கிறது, யாராலும் முன்னால் அடிக்க முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையில் என் அறையில் அந்தப் படத்தை நெட்டில் கண்டுபிடித்து, சத்தத்தோடு பார்த்தேன். ராஜாவுக்குச் சாபம் எதுவும் இல்லை. கால்சட்டை சும்மா அவிழ்கிறது. டிராகன் சும்மா புகை விடுகிறது. துறவி பேசுவது எல்லாம் ஒரே வார்த்தை. எங்கள் படம் எவ்வளவு நல்ல படம் என்று அப்போதுதான் தெரிந்தது. தொட்டி வந்தபோது தன்னிச்சையாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். அந்தச் சுவர் கிழக்கா என்றுகூடத் தெரியவில்லை.

மயிலத்தில் பஸ் நின்றதும் இறங்கினேன். ஃபோன் அடித்தது. சூசை மேரி அக்கா. பள்ளியில் இப்போது அவர்தான் ஹெட்மிஸ்ட்ரஸ்.

“இன்னாடா, வெனிலாகிட்ட மயிலத்துல அவசர வேலன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிட்டியாமே?”

“ஆமாங்கா. அவசரம்தான்,” என்றேன்.

சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பேண்ட்டை இடுப்புக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.