சேமநிதியில் இன்னொரு மனைவி

என் கணவர் கந்தனுக்கு இன்னொரு மனைவி இருப்பது எனக்குத் தெரிந்தது போன செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு.

அன்று நாங்கள் நெசவாளர் சங்கத்துக்குப் போனதே என் பிடிவாதத்தால்தான். ஐயம்பேட்டை தணிகாசலம் அண்ணன் சித்திரையில் தவறிப்போனார். மாதாமாதம் கூலியில் பிடித்து அறுபது வயதில் கொடுக்கிற சேமநிதிக்கு அவர் நாமினியாக எழுதியிருந்தது அவருடைய அம்மாவை. அந்த அம்மா போய்ச் சேர்ந்தே பதினைந்து வருஷம் ஆகிறது. அண்ணன் மனைவி தையல்நாயகி வாரிசுச் சான்றிதழுக்காக இன்னும் ஷேர் ஆட்டோவில் அலைந்துகொண்டிருக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து நானும் இவரை விடாமல் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பாரத்துல யார் பேருங்க இருக்குது?" என்று கேட்டால், "உன் பேருதாம்மா, வேற யார் பேரு இருக்கும்?" என்பார். பார்க்காமலே அடித்துச் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

சங்கத்து எழுத்தர் ஆனந்தகுமார் பழைய கோப்பைத் தூசி தட்டி, சத்தமாகப் படித்தார்.

"நாமினி, ஏலவார்குழலி. உறவு, மனைவி."

கூலி வாங்க நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். என் பெயர் சங்கீதா என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஏலவார்குழலி என் கணவரின் தாய்மாமன் மகள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். அதே மாதம் இவர் சங்கத்தில் சேர, கூடப் போன என் மாமியார், "தை பொறந்தா கல்யாணம், மனைவின்னே எழுதிக்கோப்பா" என்று சொல்லியிருக்கிறார். தை பிறந்தது. குழலியோ, கட்டினால் மளிகைக்கடை சிவராஜைத்தான் கட்டுவேன் என்று நின்று, கட்டியும் கொண்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் கடை. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கோபமெல்லாம் இந்த மனுஷன்மேல்தான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் போய்ப் பெயரை மாற்ற முடியவில்லையா?

"அடுத்த வாரம் மாத்திக்கலாம்மா. இன்னிக்கி முகூர்த்தப் பொடவைய முடிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, தறிப்பக்கமே போகாமல் சமையற்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. அவர் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரைக்கு ஊடைநூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளவேண்டும். கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து அந்த ஒருவர் நான்தான். நான் உட்காராவிட்டால் புடவை ஒரு விரற்கடைகூட நகராது.

"சங்கீதா, கரை போட வாம்மா."

"உங்க மனைவியக் கூப்புட்டுக்கோங்க."

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நிஜமாகவே போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் குழலியோடு வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் என்னைவிட அவள்தான் வெலவெலத்துப் போயிருந்தாள். கையில் அவளுடைய சேமநிதிப் புத்தகம்.

"அக்கா, நானும் மாமாவும் ஒரே நாள்லதான் சங்கத்துல சேர்ந்தோம். அத்தை எனக்கும் சேர்த்துதான் சொல்லி எழுதவெச்சாங்க. நான் மறந்தே பூட்டேங்கா" என்று புத்தகத்தை விரித்தாள். நாமினி, கந்தன். உறவு, கணவர்.

"சிவராஜ் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கடைய மூடிட்டு வந்து நிப்பாருக்கா! ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம், எழுந்திருங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தபோதுதான், அதில் பாதி சிரிப்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"உங்களுக்கு ஒண்ணுன்னா, நானும் தையல்நாயகி மாதிரி அலையணுங்க. நீங்க கட்டினவ நான்தான்னு காட்டறதுக்குக் காகிதம் தேடிக்கினு" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "பொடவை கெடக்கட்டும், வாம்மா" என்று ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்.

மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்த ஆனந்தகுமார், எதுவும் கேட்காமல் எழுந்து நாற்காலி போட்டார். புதுப் பாரம் எடுத்தார்.

"உறவு இன்னான்னு எழுதறது?"

"மனைவி."

"பங்கு?"

"நூறும் அவளுக்குத்தான்!" என்றார் என் கணவர், வாசல்வரை கேட்கும்படி.

"சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணுமே?"

குழலி பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். என் கணவருக்கு மனைவி நான்தான் என்கிற காகிதத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவள் ஏலவார்குழலி. அவள் பாரத்தில் சிவராஜ் அண்ணன் பெயருக்கு நான் சாட்சி போட்டேன். அத்தோடு கடைக்கு ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அவர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே தறியில் போய் உட்கார்ந்தேன். நாடாவைக் கையில் எடுக்கவில்லை.

"சீட்ட எடுங்க. ஒரு தடவ படிங்க."

சங்கத்தில் கொடுத்த ஒப்புகைச் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நாமினி, சங்கீதா. உறவு, மனைவி."

நாடாவைத் தள்ளினேன்.