ஜோசப்புக்கு ஒரு பனிமலை

2008 ஏப்ரலில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தேசப்பனின் கம்பெனியில் வேலை பார்த்த சுகிர்தா, தன் அப்பாவுக்கு ஒரு பனிமலை வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டாள். அதைக் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம். சம்பளம் ஏற்றிக் கேட்கலாம், ஏற்ற மாட்டார்கள், ஆனாலும் கேட்கலாம். படம் மட்டும் கேட்கக் கூடாது. அதற்காகவே வாட்ச்மேன் சுப்பிரமணி, வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் பையையும் கேட்டில் நிறுத்தி, சோற்று டப்பாவின் மூடி வரை திறந்து பார்த்து அனுப்புவார்.

அந்தச் சமயத்தைத் துருவ ஆண்டு என்று விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் போன பல நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பது, பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பத்திரிகைக்காரர் வரை எல்லோரும் பார்க்க விடுவது என்பது ஏற்பாடு. படங்கள் ஹார்டு டிஸ்க்கில் அடைபட்டுக் கூரியரில் வரும். எந்த இடம், என்ன பனி, கொடுத்தவர் யார் என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதி ஏற்ற வேண்டும். அந்த வேலை பல கை மாறி, கைக்குக் கை விலை குறைந்து, ஒரு போல்ட்டு பட்டறையின் மாடியில் இருந்த தேசப்பனிடம் வந்து விழுந்தது. எல்லாப் படத்துக்கும் கடைசி வரி ஒன்றுதான்: யாரும் எடுத்துக்கொள்ளலாம். பொன்னேரியில் பி.எஸ்ஸி. முடித்த, தன் வம்சத்திலேயே முதல் பட்டதாரியான சுகிர்தா, அந்த வரியை நாள் முழுக்க இங்கிலீஷில் அடித்தாள்.

படங்களில் குளிர் இருந்தது. அனுப்பியவர்கள் இதைக் கவனிக்கவில்லை; அவர்கள் ஊரே குளிர், இதனால் எவ்வளவு கூடியது என்று யார் பார்த்தார்கள். இங்கே படத்தை முழு அளவில் திறந்தால் மவுஸின் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது. பெண்கள் துப்பட்டாவைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு டைப் அடித்தார்கள். பென்குயின் படத்தில் கூடவே கவிச்சி வாடையும் வந்தது. தேசப்பன் முதலில் ஏசியைக் கழற்றி விற்றார். பிறகு ஒரு நாள், பனியாறு உடைந்து கடலில் சரிகிற வீடியோவைத் திறந்தபோது ஒரு ஐஸ் பாளம் வெளியே விழுந்து மேசை முறிந்தது. அவருக்குத் தொழில் புரிந்தது. மானிட்டரைக் குப்புறத் தொங்கவிட்டார். வீடியோ ஓடுகிற தடவைக்கு ஒரு பாளம். நொறுக்கிச் சாக்கில் கட்டிப் பழவேற்காட்டு மீன்காரர்களுக்கு விற்றார். அந்த ஐஸில் வைத்த கொடுவா மீனுக்கு மறுநாளும் கண் மங்கவில்லை. ஐஸ் கொஞ்சம் பழசாட்டம் இருக்குதே என்று மட்டும் ஒருவர் சொன்னார். அது மனுஷர் பிறக்கும் முன்னே உறைந்த ஐஸ், அவர் சொன்னதில் தப்பில்லை.

படத்தைச் சுருக்கினால் குளிரும் சுருங்கிவிடும். தபால் தலை அளவுக்குச் சுருக்கியதில் ஒரு டம்ளர் மோர்கூட ஜில்லென்று ஆகாது. அப்படிச் சுருக்கியதைத்தான் ஏற்ற வேண்டும், பெரிசு தன் தொழிலுக்கு என்று தேசப்பன் சொல்லிவிட்டார். பெரிய படம் எங்கே என்று வெளிநாட்டிலிருந்து மெயில் வரும். எங்கள் ஊரில் நெட் ஸ்லோ என்று பதில் போகும். அந்தப் பதிலைத் தப்பில்லாத இங்கிலீஷில் எழுதுவது சுகிர்தாவின் வேலை.

"பொய் எழுதறதுக்கு ஒரு டிகிரி," என்றாள் பக்கத்து சீட்டு உமைராவிடம்.

"நீயாவது எழுதறதோட சரி," என்றாள், பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற உமைரா. "எங்க ஊட்ல அந்தப் பொய்ல வச்ச மீனத்தான் துன்னுகினு கீறோம்."

சுகிர்தாவின் அப்பா ஜோசப், இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் இருபது வருடம் உலை வாயில் நின்றவர். அந்தச் சூடு அவருக்குள் போனது, திரும்பி வரவில்லை. மார்பில் போட்ட ஈரத்துண்டு காய்ந்து கருகும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்வார். கேஸ் தீர்ந்த ஒரு நாள் அம்மா விக்டோரியா அவர் முதுகில் அப்பளம் சுட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஒன்றைக் கேட்டு வாங்கித் தின்றார். மில் டாக்டர் அவர் வாயில் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. அது மட்டமான சரக்கு என்று சொல்லி, உடம்பு நார்மல் என்று எழுதி, வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். அந்த வீட்டில் போர்வை என்று ஒரு பொருளே கிடையாது. ஜோசப் பகலெல்லாம் ஏரியில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் ஆவி பறக்கும். அழுக்கு சீக்கிரம் போகிறது என்று பெண்கள் அவர் பக்கமாக வந்து துவைப்பார்கள். அந்த வருடம் பங்குனியிலேயே ஏரியின் அடி தெரிந்தது. மிச்சத் தண்ணீரும் இவரால்தான் வற்றுகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. சுகிர்தா ஒரு பாளம் வாங்கிக்கொண்டு போய் அவர் மேல் வைத்துப் பார்த்தாள். கொதித்து அடங்கிவிட்டது.

"ஏரி வத்திச்சின்னா நான் பத்திக்குவேன்," என்றார் ஜோசப், பஸ் லேட்டாக வரும் என்பது போல. "கூரை ஊடு. உங்கம்மாவ வேற எங்கனா கூட்டிக்கினு போயிடு."

"நைனா, வாய மூடு," என்றாள் சுகிர்தா.

பாளம் தீரும். முழுப் படம் தீராது. திறந்து வைத்தால் வைத்தபடி குளிரும். அதனால்தான் அவள் தேசப்பனின் அறைக்குள் போய்க் கேட்டாள்.

தேசப்பன் இட்லியிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்க நைனாவுக்குக் குடுத்தா நாளைக்கு மில்லு ஆளுங்க அத்தினி பேரும் கியூ கட்டுவான். ஆளுக்கொரு மலை குடுக்க நான் இன்னா முனிசிபாலிட்டியா?"

"யாரும் எடுத்துக்கலாம்னு டெய்லி நான்தானே சார் அடிக்கிறேன்."

"அது வெள்ளக்காரனுக்கு அடிக்கிறது."

"அப்போ நாங்க யாரு சார்?"

"காலைலயே பேஜாரு பண்ணாதம்மா. வேணும்னா ரெண்டு மூட்டை ஐஸ் எடுத்துக்கினு போ. படம் கேட்டன்னு வெளிய தெரிஞ்சா உனக்கு வேலை கெடையாது."

"தெரியட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் தன் சீட்டுக்கு வந்தாள். செருப்பை மாட்டினாள். டப்பாவை எடுத்தாள். அடித்து முடிக்காத ஒரு வரி ஸ்க்ரீனில் அப்படியே நின்றது.

"இன்னாடி சொன்னாரு?" என்றாள் உமைரா.

"முனிசிபாலிட்டி இல்லியாம்."

"அப்ப அமுக்கிடவா?"

பொங்கலிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் படங்களைச் சுருக்குவதை நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக, முழு அளவிலேயே ஏற்றி மறைத்துவைத்தார்கள். நெட் நிஜமாகவே ஸ்லோதான். அந்தப் பொய்யில் பாதி உண்மை. ஒரு பொத்தானை அமுக்கினால் அத்தனையும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் திறக்கும்.

"காலைல வந்ததுமே அமுக்கிட்டேன்," என்றாள் சுகிர்தா.

"அப்புறம் இன்னாத்துக்குடி உள்ள போய்க் கேட்ட?"

"குடுத்தா, குடுத்தவர்னு அவர் பேரைப் போடலாம்னு பார்த்தேன்."

அவள் மாடிப்படி இறங்கும்போது, பஜாரில் பாக்கியராஜின் நெட் சென்டரில் ஷட்டருக்கு அடியிலிருந்து வெள்ளையாகக் குளிர்ப்புகை வழிய ஆரம்பித்திருந்தது. அங்கே முதல் கம்ப்யூட்டரின் முன்னால் ஜோசப்பை உட்காரவைத்து, மகள் எழுதிக்கொடுத்த முகவரியை விக்டோரியா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கியிருந்தாள். பாக்கியராஜ் தன் மற்ற ஸ்க்ரீன்களிலும் ஆளுக்கொரு மலையைத் திறந்தார். மில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்காரர்கள் கண்ணாடியில் படிந்த பனிக்கு வைப்பரைப் போட்டுவிட்டு, வழக்கம்போல முன்னால் நிற்கிற வண்டியைத் திட்டினார்கள். பழவேற்காட்டில் அன்று சாயங்காலமே மீன்காரர்கள் நெட் சென்டரில் வீடியோவை ஓடவிட்டுத் தங்கள் பாளத்தைத் தாங்களே இறக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டி நெட் சென்டர்களில் ஸ்வெட்டர் வாடகைக்குக் கிடைத்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

கேட்டில் வெயில் காய்ந்தது. வாட்ச்மேன் சுப்பிரமணி அவள் பையைத் திறந்து, டப்பாவைத் திறந்து, அதற்கும் அடியில் கையை விட்டார். சிடி இல்லை, டிஸ்க் இல்லை. மடித்துவைத்த ஒரு கம்பளிப் போர்வை, கடை லேபிள்கூடப் பிய்க்காதது.

"இன்னாம்மா, இந்த வெயில்ல கம்பளி?"

"நைனாவுக்குக் குளுரும்ணா," என்று சொல்லிவிட்டு, சுகிர்தா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு பஜார் பக்கமாக நடந்தாள்.