பித்தளைப் பொத்தான் வைத்தியம்

கண்டிப் பக்கத்து ஹுன்னஸ்கிரிய மலையில் கோப்பி செழித்து, துரைமார் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், பொன்னையா கங்காணிக்குச் சோறு இறங்காமல் போனது. குறை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அவன் வேலை வாங்கிய ஆட்கள் கூட்டம்தான் தோட்டத்திலேயே பெரியது. அவன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு அவன் மடியில் விழுந்தது. பானையில் அரிசிக்குப் பஞ்சமில்லை. இருந்தும் மனிதன் வேப்பங்குச்சியாக இளைத்துக்கொண்டே போனான்.

காரணம், பக்கத்து லயத்து வரிசையில் குடியிருந்த கறுப்பையா. அவனும் கங்காணிதான், ஆனால் கையளவு கூட்டம். துரை ஒருநாள் தன் பழைய கம்பளிக் கோட்டைக் கழற்றி அவன்மேல் வீசிவிட்டுப் போனார். போதாதா? அன்றிலிருந்து உச்சி வெயிலிலும் அவன் அதைக் கழற்றுவதில்லை. அக்குளில் ஓட்டை, மழை பெய்தால் ஈர நாய் நாற்றம். ஆனால் எவ்வளவு நனைந்தாலும் கறுப்பையாவுக்கு ஒரு தும்மல் வந்ததில்லை. காலையில் ஆட்கள் வரிசைகட்டும் பெரட்டில் அந்தக் கோட்டு முன்னால் போகும். பொன்னையாவின் வயிறு பின்னால் நின்று எரியும்.

"ஏங்க, ரெண்டு வாயாச்சும் சாப்பிடுங்க," என்று கெஞ்சுவாள் அவன் பெண்சாதி வேலாயி.

"கோட்டு இல்லாதவனுக்கு எதுக்குடி சோறு?"

கஷாயம் கொடுத்தாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வேலைக்கு ஆகாத சீக்காளியைத் தோட்டத்தை விட்டு இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கியவர்கள் கண்டி ரோட்டோரத்தில் செத்துக் கிடந்ததை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். இவனுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று நடுங்கினாள். நோய் கோட்டு என்றால் மருந்தும் கோட்டுதானே? வளர்த்த கோழிகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்டிக்கு நடையைக் கட்டினாள்.

பழைய துணி விற்கும் ஜவாஹிர் கோழிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு சிவப்புக் கோட்டை உதறினார். நெஞ்சு நிறையப் பித்தளைப் பொத்தான், தோளில் குஞ்சம் வேறு.

"பட்டாளத்துக் கோட்டு, தங்கச்சி. போட்டா மாப்பிள்ளை மாதிரி இருப்பாரு!"

வேலாயிக்கு வாயெல்லாம் பல்.

அவள் திரும்பி வந்த மறுநாள் பெரட்டில் பொன்னையா சிவக்கச் சிவக்க வந்து நின்றான். கறுப்பையா வாயைப் பிளந்தான். துரை பார்த்தார், சிரித்தார், சிரித்துச் சிரித்துக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பட்டாளத்தில் அந்தக் குஞ்சக் கோட்டைப் போடுகிறவன் கொம்பு ஊதுகிற ஆள் என்பது அவருக்குத் தெரியும்.

"நல்லது, பொன்னையா! இனி நீ பெரட்டுக்குக் கொம்பு ஊது. சீக்காளிக்குக் கூட்டம் எதுக்கு? கறுப்பையா பாத்துக்குவான்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கூட்டம் போச்சு, தலைக்காசு போச்சு, கோழியும் போச்சு. இனி மனுசன் பிழைக்கமாட்டான் என்று வேலாயி அழுதுகொண்டே லயத்துக்கு ஓடினாள். பின்னாலேயே பொன்னையா துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தான்.

"கேட்டியாடி? இனி நான் ஊதினாத்தான் தோட்டமே எந்திரிக்கும்! கறுப்பையா என்ன, எல்லாருக்கும் மேல இருக்கிற பெரிய கங்காணியே என் கொம்புக்குத்தான் ஓடி வரணும். சோத்தப் போடு!"

போட்டாள். வழித்துத் தின்றுவிட்டு இன்னும் கேட்டான். துரை செய்தது கேலி என்ற உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், அவன் கன்னம் உப்பியிருந்த அழகைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் விடிய அவன் ஊதிய ஊதலில் மலையெல்லாம் எதிரொலித்தது, நாய்கள் எல்லாம் குரைத்தன. கொஞ்ச நாளிலேயே வயிற்றுப் பக்கத்துப் பொத்தான்களைப் பூட்ட முடியாமல் போனது.

அப்போதுதான் கறுப்பையாவின் பெண்சாதி நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இவரு சாப்பிட மாட்டேங்கிறாரு. கூட்டம் பெருகிருச்சு, காசு வருது. ஆனா 'அவன் ஊத, நான் ஓடவா'ன்னு சுவரப் பாத்துப் படுத்துக் கெடக்காரு."

வேலாயிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அடி போடி! எங்க வீட்டுக்காரரு இன்னும் அந்தக் கம்பளிக் கோட்ட நெனச்சுப் பொருமுறாருன்னு சொல்லு. எது எப்படியானாலும் அது துரை ஒடம்புல கெடந்த கோட்டு இல்லையான்னு சொல்லு."

நல்லம்மா போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"எந்திரிச்சு உக்காந்துட்டாரு அக்கா! கருவாடு கேக்குறாரு!"

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். பிடித்த இடத்தில் எலும்பு தட்டியது. நல்லம்மா சிரிப்பை நிறுத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஏன் அக்கா இப்படி எளச்சுப் போயிருக்க? ஒனக்கு யாரப் பாத்து வயித்தெரிச்சல்?"

"எனக்கு அந்த வியாதியெல்லாம் இல்லடி," என்றாள் வேலாயி. "காசு நின்னுபோச்சு. இருக்கிறத எல்லாம் அவரு தின்னுடுறாரு. எனக்கு வெறும் பசிதான்."

நல்லம்மா ஓடிப்போய் மடி நிறைய அரிசி கொண்டுவந்தாள். பொன்னையாவின் பழைய கூட்டத்துத் தலைக்காசில் வந்த அரிசி அது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அடுப்பை மூட்டினார்கள்.